எத்தனை கிலோ இருந்தது?

"மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு வெடி விபத்து." விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளிலிருந்து வரும் செய்திகளில் இந்த வரி மாறுவதே இல்லை. ஊர் மாறும், ஆலையின் பெயர் மாறும், இறந்தவர்களின் எண்ணிக்கை மாறும்; உராய்வு அப்படியே இருக்கும். செய்தியைப் படித்தவர்கள் அடுத்துச் சொல்வதும் மாறாது. "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம் இல்லையா?" என்று சென்னைப் புறநகரில் எங்கள் மாடம்பாக்கத்து டீக்கடையில் கேட்பார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் அதையே சட்டை மாட்டி உட்காரவைத்து, "தொழிலாளர்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை" என்பார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். செத்தவர் தன் கையாலேயே செத்தார்.

இது தவறான கருத்து. தவறு மட்டுமல்ல, அநியாயமும்கூட. பட்டாசு ஆலையில் உராய்வு என்பது ஒவ்வொரு நாளும் நடப்பது. சலிக்கும்போது உராயும், கிண்டும்போது உராயும், குழாயில் செலுத்தும்போது உராயும். ஒரு மணல் துகள் போதும், உடம்பில் ஏறிய மின்னூட்டம் போதும். ஈரம் பட்ட அலுமினியத் தூள் கலவை யாரும் தொடாமலேயே உள்ளுக்குள் சூடேறும். ஆகவே பொறி எப்படி வந்தது என்பது இரண்டாம் கேள்வி. அது வந்தபோது அந்த அறையில் எத்தனை கிலோ மருந்து இருந்தது என்பதுதான் முதல் கேள்வி. விரல் பொசுங்குவதா, கட்டடம் தரைமட்டமாவதா என்பதை முடிவு செய்வது அந்த எடை. அந்த எடையை முடிவு செய்கிறவர் கலவை அறையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளி அல்ல.

மருந்தின் இயல்பை முதலில் பார்த்துவிடலாம். விறகு எரியக் காற்று வேண்டும், மண்ணெண்ணெய் எரியவும் காற்று வேண்டும். பட்டாசு மருந்துக்கு அது வேண்டாம். எரிகிற பொருளும் எரிக்கிற ஆக்சிஜனைத் தரும் உப்பும் துகளோடு துகளாக ஒன்றாகக் கலந்தே இருக்கின்றன. அதனால்தான் பற்றிக்கொண்ட பிறகு அதை மூடி அணைக்க முடிவதில்லை. சிட்டிகை அளவு மருந்து திறந்த வெளியில் பற்றினால் பளிச்சென்று எரிந்து தீர்ந்துவிடும். பிறக்கும் வாயு தடையில்லாமல் வெளியே போய்விடுகிறது. அதே மருந்து குவியலாகக் கிடந்தால் உள்ளே பிறந்த வாயு வெளியேறுவதற்குள் சுற்றியிருக்கிற மருந்தே அதை அடைத்துப் பிடிக்கிறது. குவியலே தனக்கு உறையாகிவிடுகிறது. காகிதச் சுற்றோ சணல் கட்டோ இல்லாமலேயே அது குண்டாக வெடிக்கும். ஒரே மருந்து, ஒரே கை, ஒரே உராய்வு. அளவு மட்டும் கூடியது. விளைவின் வகையே மாறிவிட்டது.

வெடியின் தாக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் உலகம் முழுக்க வெடிபொருள் துறையில் பயன்படும் கணக்கு ஒன்று உண்டு. மருந்து எட்டு மடங்கானால் அதே அழுத்தம் இரண்டு மடங்கு தூரத்துக்கு எட்டும். ஆலையில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி விட்டுக் கட்டியிருப்பது இந்தக் கணக்கை நம்பித்தான். ஓர் அறை போனாலும் பக்கத்து அறை பிழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த இடைவெளி செங்கல்லும் சிமென்ட்டும் வைத்துக் கட்டி முடித்தது. தீபாவளி சீசனுக்கு மருந்து கூடுகிறதே என்று அதுவும் சேர்ந்து நீளாது. அறையில் அளவை மீறி மருந்து இறங்கிய நிமிடத்தில், யாரும் எதையும் உரசாதபோதே, அந்த ஆலையின் பாதுகாப்பு ஏற்பாடு செத்துவிட்டது.

நம் சட்டத்துக்கு இது நன்றாகத் தெரியும். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், அதன்கீழ் 2008இல் வந்த விதிகளும் நிற்பது எடையின் மேல்தான். உரிமம் தருவதே கிலோக் கணக்கில். 15 கிலோ வரை வைத்துத் தயாரிக்க மாவட்ட நிர்வாகம் உரிமம் தரலாம், அதைத்தான் டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்கிறார்கள். அதற்கு மேல் 500 கிலோ வரை, சென்னையில் உள்ள வெடிபொருள் துறை அலுவலகம் தரும் சென்னை லைசென்ஸ். அதையும் தாண்டினால் நாக்பூரில் உள்ள தலைமை வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போக வேண்டும். சிவகாசியில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் நாக்பூர் லைசென்ஸ் என்றால் பெரிய ஆலை என்று சொல்லும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்கிற விதியும் இதே நோக்கத்தில் வந்ததுதான். பொறி வரும் என்பதை ஒப்புக்கொண்டு, வந்தாலும் சாவு பெருகக்கூடாது என்று எழுதப்பட்ட சட்டம் இது. அப்படிப்பட்ட சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விபத்து நடந்தபின் பொறி வந்ததையே காரணமாக எழுதுகிறோம் என்றால், சட்டத்தின் முதல் பக்கத்தையே நாம் படிக்கவில்லை.

இனி நடந்தவற்றைப் பார்க்கலாம். 2012 செப்டம்பர் 5, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி. ஓம் சக்தி ஆலையில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும் அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. முதல் வெடிச்சத்தம் கேட்டு, புகையைப் பார்த்து, உதவ ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அடுத்தடுத்து வெடித்த அறைகள் அவர்களைக் கொன்றன. அவர்கள் எதை உரசினார்கள்? அவர்களுடைய எந்தக் கவனக்குறைவைச் சொல்லப் போகிறோம்? முதல் பொறிக்கு ஒரு கையைக் காரணமாகக் காட்டலாம். ஒன்றிலிருந்து ஒன்றாகப் பரவி ஒரு வளாகமே வெடித்ததற்குக் காரணம், அங்கே குவிந்து கிடந்த மருந்து.

2021 பிப்ரவரி 12, சாத்தூரை அடுத்த அச்சங்குளம். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒருவர் பெயரில் உரிமம்; உள்ளே அறை அறையாகப் பலருக்கு உள்குத்தகை. இதைத்தான் நான் வேர் என்கிறேன். குத்தகை எடுத்தவர் கொடுத்த பணத்தைச் சில மாதங்களுக்குள் எடுத்தாக வேண்டும். அவர் கையில் இருப்பது சில அறைகள்தான். அறையைக் கூட்ட முடியாது, இடைவெளியைக் கூட்ட முடியாது. கூட்டக்கூடியவை இரண்டே இரண்டு: உள்ளே உட்காரும் ஆட்கள், உள்ளே இறங்கும் மருந்து. நாலு பேர் அறையில் எட்டு பேர், வராண்டாவில் நாலு பேர், மரத்தடியில் இன்னும் சிலர். உரிமத் தாளில் எழுதியிருக்கும் கிலோ, தாளிலேயே இருக்கிறது.

கலவையும் உராய்வும் இல்லாத விபத்துகளையும் சொல்ல வேண்டும். அவைதான் இந்தப் பொதுக் கருத்தை முழுசாக உடைக்கின்றன. 2009 அக்டோபர் 16, தீபாவளிக்கு முந்தின நாள், திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டில் பட்டாசுக் கடை எரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது கடை. அங்கே யாரும் மருந்து கலக்கவில்லை. 2023 அக்டோபர் 7, ஓசூரை அடுத்த கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கிடங்கு. லாரியிலிருந்து பெட்டி இறக்கும்போது பற்றிக்கொண்டது. தீபாவளிக்கு நாலு காசு சம்பாதிக்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள் உள்ளே சிக்கிக் கருகினார்கள். அதற்குப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 17, ரெங்கபாளையம். மாதிரிப் பட்டாசை வெடித்துப் பார்த்தபோது பொறி போய் இருப்பில் விழுந்தது. அன்று ஒரே நாளில் விருதுநகர் மாவட்டத்தில் ரெங்கபாளையத்தையும் சேர்த்து இரண்டு இடங்களில் 14 பேர் இறந்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2016 ஏப்ரல் 10 அன்று பரவூர் புற்றிங்கல் கோயிலில் வாணவேடிக்கைப் போட்டி நடந்தது. தீப்பொறி விழுந்தது வெடி சேமித்து வைத்திருந்த கட்டடத்தில். இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். இவற்றில் பொறி வந்த வழி ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றுபோல இருந்தது, ஆட்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அளவுக்கு மீறிய சரக்கு.

எங்களுக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. 2023 மார்ச் 22 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த குருவிமலையில் வெடித்த பட்டாசு ஆலை, மாடம்பாக்கத்திலிருந்து வண்டலூர் போய் வாலாஜாபாத் சாலையைப் பிடித்தால் சென்றுவிடக்கூடிய தூரம்தான். அங்கேயும் ஒன்பது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அன்று சாயங்காலம் இந்தப் பக்கமெல்லாம் கேட்ட பேச்சும் அதே "கவனம்"தான்.

வெடிமருந்தைக் கையாளும் வேறொரு கூட்டத்தாரை இங்கே நினைத்துப் பார்ப்பது உதவும். அமெரிக்காவில் ரிவால்வர் தோட்டாக்களுக்கு வீட்டிலேயே மருந்து நிரப்பிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அவர்களுடைய எடை அலகு கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். ஒவ்வொரு வகை மருந்துக்கும், ஒவ்வொரு குண்டுக்கும், அச்சிட்ட கையேட்டில் உச்ச அளவு இருக்கும். பொதுவாக அதிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கி, சிறிது சிறிதாகத்தான் ஏறுவார்கள். சில மருந்துகளில் குறைப்பதும் ஆபத்து என்று கையேடே எச்சரிக்கும். அத்தகைய மருந்தில் கையேடு சொன்ன எண்ணை மாற்றமாட்டார்கள். ஒரே தோட்டாவில் இரண்டு தடவை மருந்து விழுந்துவிடாமல் இருக்க, நிரப்பிய கூடுகளை வரிசையாக வைத்து விளக்கடியில் உள்ளே பார்ப்பார்கள். முப்பது வருட அனுபவம் உள்ளவரும் தராசை விடுவதில்லை.

1935இல் .357 மேக்னம் தோட்டாவை அறிமுகப்படுத்தியவர்கள் அப்போது செய்ததை நம் ஆலைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அது பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவின் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அழுத்தம் தருவது, பருமன் ஒன்றே. தெரியாமல் யாராவது பழைய துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் உருளையே சிதறும். "கவனமாகப் போடவும்" என்று பெட்டியில் அச்சடித்துவிட்டு அவர்கள் ஓயவில்லை. தோட்டாவின் கூட்டை ஏறத்தாழ அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீளமாக்கினார்கள். பழைய துப்பாக்கிக்குள் அது நுழையவே நுழையாது. மறதி உள்ளவர், அவசரக்காரர், புதியவர் எல்லாரையும் அந்தச் சிறு நீளம் காப்பாற்றியது.

அங்கே தராசு ஏன் மதிக்கப்படுகிறது? மருந்தின் அளவைத் தீர்மானிப்பவரும், சுடும்போது அதன் பின்னால் முகத்தை வைத்திருப்பவரும் ஒரே ஆள். பட்டாசு ஆலைகள் உள்ள சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் ஏழாயிரம்பண்ணையிலும் அப்படி இல்லை. அளவைத் தீர்மானிப்பவர் ஒருவர், அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்காருகிறவர் இன்னொருவர். இந்தப் பிரிவினை இருக்கும்வரை எந்த விழிப்புணர்வு முகாமும் கணக்கைச் சரிசெய்யாது.

"தொழிலாளியே அதிக மருந்து வாங்கிக்கொண்டு போகிறாரே, பீஸ் ரேட் கூலி கூட வரும் என்று?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது; அப்படி வாங்குகிறவர்களும் உண்டு. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் வேகம்தான் கூலி. வேகத்துக்கு மருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். போய்ப் போய் எடுத்துவந்தால் நேரம் போகும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கடன் வாங்கியிருக்கும் அம்மாவிடம், நாலு நடை நடந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவா, கூலி குறைந்தாலும் பரவாயில்லை என்று யார் சொல்வது? கூலி முறையை வகுத்தவர் அவர் அல்ல. மருந்து அறையின் சாவியும் அவரிடம் இல்லை. கேட்டதும் எடுத்துக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். ஓர் அறைக்கு இந்நேரத்தில் இவ்வளவுதான் என்று எடை போட்டுக் கொடுக்கும் ஆள் ஒருவர் இருந்திருந்தால், அந்த அம்மாவின் ஆசையோ அவசரமோ யாரையும் கொன்றிருக்காது.

பயிற்சி வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. பருத்தித் துணி உடுத்துவது, இரும்புக் கருவியைத் தவிர்ப்பது, உள்ளே நுழையுமுன் தரையோடு இணைத்த தகட்டைத் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தை இறக்குவது, அன்றைய கலவையை அன்றே தீர்ப்பது, எல்லாம் தெரிந்திருக்கத்தான் வேண்டும். மிச்ச மருந்து இரவெல்லாம் ஈரம் வாங்கி மறுநாள் காலையில் ஆளைக் கொன்ற கதை அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மிச்சம் ஏன் விழுந்தது? ஒரு நாளில் தீராத அளவுக்குக் கலக்கச் சொன்னதால் விழுந்தது. பயிற்சியின் கடைசிப் பாடம் எப்போதும் "அளவுக்கு மேல் தந்தால் வாங்காதே" என்பதாகத்தான் இருக்க முடியும். வாங்க மறுத்தால் மறுநாள் வேலை உண்டா என்பதற்குப் பயிற்சி மையத்தில் பதில் இல்லை. போர்மேனுக்கும் இதே கதிதான். விபத்து நடந்தால் முதலில் கைதாகிறவர்களில் அவர் ஒருவர். குத்தகைதாரர் சொன்னதை மறுக்கும் அதிகாரம் மட்டும் அவருக்கு இல்லை.

"அளவை இறுக்கிப் பிடித்தால் சிறு ஆலைகள் மூடிவிடும், ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு போகும்" என்பது இன்னொரு வாதம். இதைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன், ஏனென்றால் இது தொழிலாளியின் பெயரால் தொழிலாளியைப் பலி கேட்கிறது. 15 கிலோவில் நேர்மையாக நடக்கும் சிறு ஆலைகள் இருக்கின்றன. அவற்றை நசுக்குவது விதி அல்ல. 15 கிலோ உரிமத்தில் அதன் பல மடங்கை இறக்கிக் குறைந்த விலைக்கு விற்கும் பக்கத்து ஆலை. விதியை மீறுகிறவரிடம் கண்டிப்பு இல்லாததால் விதியைக் காப்பவர்தான் சந்தையில் தோற்கிறார்.

நம் வீட்டுக்குப் பக்கத்தில் வந்தால் நாமே சரியான கேள்வியைத்தான் கேட்கிறோம் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூத் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து நகரமே சிதைந்தது. அடுத்த நாட்களில் மணலி மக்கள் பதறினார்கள். 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட் 37 கன்டெய்னர்களில் 697 டன் அங்கே கிடந்தது. அப்போது மணலியில் யாராவது, காவலுக்கு நிற்பவர் கவனமானவரா என்று கேட்டார்களா? அங்கே கூலிவேலை செய்பவருக்கு விழிப்புணர்வு உண்டா என்று கேட்டார்களா? எத்தனை டன், வீடுகள் எவ்வளவு தூரம், எப்போது எடுப்பீர்கள் என்றுதான் கேட்டார்கள். சில நாட்களிலேயே சரக்கு லாரிகளில் ஏறி ஹைதராபாத் பக்கம் போய்விட்டது. அந்தக் கேள்விகள் சரியானவை. வெம்பக்கோட்டைக்கும் அவை பொருந்தும். அங்கே சாகிறவர்கள் நம் அக்கம்பக்கத்தார் இல்லை என்பதால் கேள்வியை மாற்றிக்கொள்கிறோம்.

அந்தச் சரியான கேள்வியை வேறொரு நாடு கேட்டது. நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் 2000 மே 13 அன்று குடியிருப்புக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் இறந்தார்கள். அவர்களில் நாலு பேர் தீயணைப்பு வீரர்கள். விசாரணைக் குழு பொறி எங்கிருந்து வந்தது என்பதோடு நிற்கவில்லை. உரிமம் அனுமதித்ததைவிடக் கனமான வகைச் சரக்கு அங்கே இருந்ததையும், அதைக் கண்டும் காணாமல் இருந்த நிர்வாகத்தையும் விரித்து எழுதியது. பட்டாசுச் சட்டமே அங்கே மாற்றி எழுதப்பட்டது.

வாங்குகிற நமக்கும் இதில் பங்கு உண்டு, சுருக்கமாகவே சொல்கிறேன். தீபாவளிக்குத் தற்காலிகக் கடை போடும்போது கடைக்குக் கடை மூன்று மீட்டர் இடைவெளி, எதிரெதிரே கடை கூடாது, குடியிருப்பு போன்ற இடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளி என்று விதி இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கேம்ப் ரோட்டிலோ அகரம்தென் சாலையிலோ வாங்கப் போகும்போது இந்த மூன்றையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இல்லாத கடையில் வாங்க வேண்டாம். ஐந்து ரூபாய் மலிவு என்பதற்காக ஒட்டுக் குடித்தனத்துக் கீழ்த்தளத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கி விற்பவரிடம் போகவே வேண்டாம்.

அரசிடம் கேட்க வேண்டியது பெரிய காரியம் அல்ல. ஒவ்வொரு கலவை அறையின் வாசலிலும் அனுமதித்த கிலோ எத்தனை, அனுமதித்த ஆள் எத்தனை பேர் என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். மருந்து அறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு எடையும் நேரம் போட்டுப் பதிவாக வேண்டும். உள்குத்தகை கண்டுபிடிக்கப்பட்டால் உரிமம் போக வேண்டும், நிறுத்திவைப்பு என்று சில வாரம் அல்ல. விபத்து அறிக்கையில் அனுமதித்த எடையும் இருந்த எடையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகி மக்கள் பார்வைக்கு வர வேண்டும். வெடித்த பிறகு இருந்த எடையை எப்படி அறிவது என்பார்கள். மூலப்பொருள் வாங்கிய ரசீது இருக்கிறது, அனுப்பிய சரக்கின் கணக்கு இருக்கிறது, பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். மனம் இருந்தால் கணக்கு வரும்.

செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சம்பவ இடத்தில் அதிகாரி "உராய்வு" என்றதும் குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். எத்தனை கிலோவுக்கு அனுமதி, எத்தனை கிலோ இருந்தது, அறையை நடத்தியது யார் என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே தலைப்பாகப் போடுங்கள்.